பராமரிப்புக்கு விலை வைக்காத சந்தை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திருப்பூரிலிருந்து ஒரு டி-ஷர்ட் கப்பலேறுவதற்கு முன் எத்தனை கைகள் அதைச் சோதிக்கின்றன என்பது இங்கிருக்கும் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நூல் வந்ததும் கவுண்ட் பார்க்கிறோம். நிட்டிங் முடிந்த துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, தராசில் வைத்து ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டரின் எடை, பார்க்கிறோம். சாயம் ஏறி வந்த துணியை லைட் பாக்ஸுக்குள் வைத்து, பையர் ஒப்புக்கொண்ட ஷேடோடு ஒத்துப் பார்க்கிறோம். துவைத்துச் சுருக்கம் அளக்கிறோம். தைத்து முடித்தபின் செக்கிங். கடைசியில் பையருடைய ஆள் வந்து, தனக்குத் தோன்றிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஏ.க்யூ.எல். 2.5 என்ற குறை வரம்புக் கணக்கில் தேறுகிறதா என்று பார்க்கிறார். தேறாவிட்டால் மறுபடியும் செக்கிங், தள்ளுபடி. தேதி தவறிவிட்டால் விமானச் செலவு நம் தலையில்.

அதே கம்பெனியில் ஆர்டர் வந்த நாள் முதல் ஷிப்மெண்ட் போகும் நாள் வரை கணக்கை எல்லாம் சுமக்கும் இ.ஆர்.பி. மென்பொருளை எப்படி வாங்குகிறோம்? ஒருவர் லேப்டாப்போடு வருகிறார். அரை மணி நேரம் டெமோ. அழகான திரை, வண்ண வண்ண ரிப்போர்ட். பிறகு பேரம். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லியிருப்பார். அதைச் சொல்லி இவரிடம் குறைப்போம். முன்பணம் கைமாறும். நம்முடைய லாட் ஒன்றையாவது உள்ளே போட்டு ஓட்டிப் பார்த்து வாங்கியவர்கள் மிகக் குறைவு. பனியன் கம்பெனிகளில் மென்பொருள் நிறுவும் வேலையில் பல ஆண்டு இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். விற்கிறவர் பக்கமும் நின்றிருக்கிறேன், வாங்குகிறவர் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு காட்சியை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆயிரம் கிலோ சாயமேறாத கோராத் துணி சாயப்பட்டறைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டி.சி., அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலான், ஒன்றுதான், ஆனால் 600 கிலோ நேவி, 400 கிலோ மெரூன். நேவி இரண்டு நடையாகத் திரும்பி வருகிறது. மெரூன் மொத்தமாக வருகிறது. அதில் 60 கிலோ ஷேடு ஒத்துவராமல் மறுசாயத்துக்குத் திரும்பிப் போகிறது. இது திருப்பூரில் வாரத்துக்கு நாலு முறை நடக்கும் சங்கதி. ஆனால் மென்பொருளை எழுதியவர், ஒரு டி.சி. போனால் ஒரு ரசீது வரும், வந்ததும் கணக்கு முடியும் என்று நினைத்து எழுதியிருக்கிறார். போனது திரும்பி வந்து மறுபடி போகும் என்பது அவருடைய திட்டத்தில் இல்லை. கணினி முன் உட்கார்ந்திருக்கும் பெண் என்ன செய்வார்? பழைய டி.சி.யை முடித்துவிட்டு, அதே எண்ணுக்குப் பின்னால் ஒரு 'ஏ' சேர்த்துப் புது டி.சி. போடுவார். அந்த 60 கிலோ இப்போது புதுச் சரக்காக இரண்டாம் தடவை வெளியே போனதாகப் பதிவாகிவிட்டது. பிராசஸ் லாஸ் சதவீதம் கோணலாகிறது. மாதக் கடைசியில் ஸ்டாக் இடிக்கிறது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கை ஜி.எஸ்.டி.யின் ஐ.டி.சி.-04 படிவத்தில் காட்டும் நேரத்தில் ஆடிட்டர் கேள்வி கேட்கிறார். அந்தப் பெண் தனியாக ஓர் எக்ஸெல் தாள் வைத்துக்கொள்கிறார்; சரியான கணக்கு அதில்தான் இருக்கும். எத்தனை லட்சம் கொட்டி எதை வாங்கினாலும், இந்த ஊரின் உண்மையான இ.ஆர்.பி. எக்ஸெல்தான் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கைதான், பொய்யில்லை.

விற்றவருக்கு இந்தக் குறை தெரியாதா என்றால், தெரியும். பலமுறை சொல்லியாகிவிட்டது. "அடுத்த வெர்ஷன்ல வந்துருங்க" என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்துவிட்டது. அடுத்த வெர்ஷன் வரவே வராது. ஏன் வராது என்பதுதான் இன்றைய பேச்சு. அந்தப் புரோகிராமருக்குத் திறமை போதவில்லை என்று முடித்துவிடுவது சுலபம். என் கட்சி வேறு: நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோமோ அதை அவர் நன்றாகச் செய்கிறார். விற்பனைக்குக் கொடுக்கிறோம், டெமோ பிரமாதமாக இருக்கிறது. விற்றபின் நடக்கும் வேலைக்குக் கொடுப்பதில்லை; அந்த வேலை நடப்பதில்லை.

அவர் பக்கத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாடகைக்கு எடுத்த முதல் மாடி. சுற்று வட்டாரக் கல்லூரிகளில் படித்த ஆறேழு இளைஞர்கள். ஒருமுறை விற்றால் ஒருமுறை பணம். ஏ.எம்.சி., அதாவது ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம், என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். முதல் வருடம் விலையோடு சேர்ந்து போய்விடும், இரண்டாம் வருடம் கேட்கப் போனால் இப்படி நடக்கும்:

"ஏனுங் தம்பி, அதான் மொத்தமா பணம் குடுத்தாச்சே. வருசா வருசம் எதுக்குங்க?"

"அண்ணா, கரெக்‌ஷன் வந்தா செஞ்சு தர்றதுக்கு ஆள் வெக்கணுமில்லீங்களா?"

"நீங்க செஞ்சது சரியா இருந்தா கரெக்‌ஷன் எதுக்கு வருதுங்க?"

இதற்குப் பதில் சொல்வது கடினம். முதலாளி கேட்டது நியாயமான கேள்வி போலவே இருக்கிறது. ஆனால் மென்பொருள் தேய்வதில்லை; அதைச் சுற்றியிருக்கும் உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது. வரி மாறுகிறது, விண்டோஸ் மாறுகிறது, பையர் கேட்கும் லேபிள் மாறுகிறது. மெயர் லேமன் என்ற கணினி அறிஞர் 1970களிலேயே இதை விதியாக எழுதினார்: பயன்பாட்டில் இருக்கும் மென்பொருளைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் பயன் குறைந்துகொண்டே போகும். அந்தத் தொடர்ச்சியான மாற்றத்துக்குத்தான் இந்தச் சந்தையில் விலை இல்லை.

ஏ.எம்.சி. வராதபோது விற்பவருக்கு இரண்டு வழிதான் மிச்சம். ஒன்று, புது வாடிக்கையாளரைப் பிடிப்பது. இன்னொன்று, பழைய வாடிக்கையாளர் கேட்கும் புது ரிப்போர்ட்டுக்குத் தனியாகக் காசு வாங்குவது. இரண்டாவது வழி விஷம். ஒவ்வொரு கம்பெனிக்கும் அவரவர் விருப்பப்படி வெட்டி ஒட்டிக் கொடுத்து, நாற்பது வாடிக்கையாளர் இருந்தால் நாற்பது வேறு வேறு புரோகிராம் ஆகிவிடுகிறது. மறுசாயக் குறையைச் சரிசெய்ய வேண்டுமானால் நாற்பது இடத்தில் திருத்த வேண்டும். யாரும் அதற்குப் பணம் கொடுக்கப் போவதில்லை. வேலை பழகிய பையனும் இரண்டே வருடத்தில் கோவைக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறான். அவன் எழுதியது எங்கே எப்படி ஓடுகிறது என்பதும் அவனோடு போய்விடுகிறது.

இதன் எச்சங்களை இன்றும் பார்க்கலாம். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவிலும் விஷுவல் பேசிக் 6-இலும் எழுதிய பில்லிங் புரோகிராம்கள் நாடு முழுவதும் சிறு தொழில்களில் பரவிக் கிடந்தன. ஃபாக்ஸ்ப்ரோவுக்கு இனிப் புதிய பதிப்பு வராது என்று மைக்ரோசாஃப்ட் 2007 மார்ச்சில் அறிவித்தது. 2015 ஜனவரியில் ஆதரவையும் நிறுத்தியது. விஷுவல் பேசிக் 6-இல் நிரல் எழுதும் கருவிக்கான ஆதரவு 2008 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. எழுதிய புரோகிராம்கள் அதன்பிறகும் ஓடுகின்றன, அதுதான் சிக்கல். "ஓடுதில்லீங்க, அப்புறமென்ன?" என்பார் முதலாளி. ஓடும், யாராலும் மாற்ற முடியாது.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு மற்றவர்களோடு பகிர்ந்து கிடைத்தது. நல்ல கார் எது, பழுதான கார் எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் சராசரி விலைக்கு மேல் கொடுக்கமாட்டார். அந்த விலைக்கு நல்ல காரை விற்பது நஷ்டம் என்று நல்ல கார்க்காரர்கள் சந்தையை விட்டு விலகுவார்கள். கடைசியில் பழுதான கார்களே மிஞ்சும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் ஆண்டர்சன் அதே 2001-இல், கணினிப் பாதுகாப்பு மோசமாக இருப்பதற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டுமில்லை, யாருக்கு லாபம் யாருக்கு நஷ்டம் என்ற அமைப்பும்தான் என்று எழுதினார். பத்திரமான மென்பொருளையும் பத்திரமில்லாததையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாது. பிரித்தறிய முடியாத ஒன்றுக்கு அவர் ஏன் கூடுதல் விலை கொடுப்பார்?

அப்படியானால் எல்லா மென்பொருளும் மோசமாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. இந்த ஊரிலேயே எதிர்ச்சான்று இருக்கிறது. கட்டிங் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள். பேட்டர்ன் போடவும் மார்க்கர் அடுக்கவும் பயன்படும் கேட் (CAD) மென்பொருள்கள், லெக்ட்ரா, கெர்பர், டூகா போன்றவை, நன்றாகவே வேலை செய்கின்றன, வருடா வருடம் முன்னேறியும் வந்திருக்கின்றன. காரணம் எளிது. ஓர் ஆடையின் செலவில் பெரும்பங்கு துணி. மார்க்கரில் ஒரு சதவீதம் துணி மிச்சமானால் அது எத்தனை கிலோ, எத்தனை ரூபாய் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். கட்டிங் மாஸ்டருக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். தரத்தைத் தராசில் நிறுத்திப் பார்க்க முடிகிற இடத்தில் சந்தை தரத்துக்குப் பணம் கொடுக்கிறது. விற்பவரும் தரத்தில் போட்டி போடுகிறார். லாட் கணக்கு மென்பொருளின் தரம் அப்படித் தராசில் ஏறுவதில்லை. அதனால் வரும் நஷ்டம் ஒரு பெண்ணின் கூடுதல் இரண்டு மணி நேரமாகவும், ஆடிட்டரின் முகச்சுளிப்பாகவும், தவறான காஸ்டிங்காகவும் சிதறிப் போகிறது. யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், தினமும் அதோடு மல்லுக்கட்டுபவர் வேறொருவர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். டெமோ பார்க்கும்போது அந்தப் பெண்ணை யாரும் கூப்பிடுவதில்லை.

கேட் மென்பொருள் கதையிலும் ஒரு திருப்பம் உண்டு. நெடுங்காலம் எதிரெதிரே நின்ற இரண்டு பெரும் நிறுவனங்களில் பிரெஞ்சு நிறுவனமான லெக்ட்ரா, அமெரிக்க நிறுவனமான கெர்பரை 2021 ஜூனில் வாங்கிவிட்டது. போட்டியாளர் ஒருவர் குறைந்தார். அதோடு மென்பொருள் உலகம் முழுவதும் ஒருமுறை விலையிலிருந்து சந்தா முறைக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. நம் ஊர் பிரிண்டிங் டிசைனர்களுக்குப் பழக்கமான ஃபோட்டோஷாப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: இனிப் பெரிய பதிப்புகள் சந்தாவில்தான் வரும் என்று அடோபி 2013 மே மாதம் அறிவித்தது. சந்தாவைப் பற்றிப் புலம்பாதவர் இல்லை. ஆனால் நான் இதுவரை சொன்ன வாதப்படி பார்த்தால் சந்தா நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? வருடா வருடம் பணம் வருவதால் விற்றவர் வருடா வருடம் உழைக்கக் காரணம் இருக்கிறது. உண்மைதான், பாதி உண்மை. வாடிக்கையாளரைத் தக்கவைக்க இரண்டு வழி உண்டு. பொருளை நன்றாக வைத்திருப்பது ஒன்று. வெளியேறுவதைக் கஷ்டமாக்குவது இன்னொன்று. பத்து வருட பேட்டர்ன் கோப்புகள் ஒரு நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் மாட்டிக்கொண்டிருந்தால், சந்தாவை நிறுத்தும் தைரியம் யாருக்கு வரும்? முதல் வழி செலவு பிடிக்கும், இரண்டாவது மலிவு. எது நடக்கும் என்று வியாபாரம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கணக்கு மென்பொருளான டேலியைப் பற்றிப் பேசாமல் திருப்பூரில் இந்தத் தலைப்பை முடிக்க முடியாது. அதன் பிறப்பே நம் தொழிலுக்குப் பக்கத்தில் நடந்தது. ஷ்யாம் சுந்தர் கோயங்கா ஜவுளி ஆலைகளுக்கும் மற்ற ஆலைகளுக்கும் மூலப்பொருளும் இயந்திரப் பாகங்களும் வியாபாரம் செய்தவர். கணக்குப் பார்க்கத் தோதான மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த தன் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-இல் பெங்களூரில் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் நிறுவனம் தொடங்கியது. பயன்படுத்தப்போகிறவரே கேட்டு எழுதவைத்த மென்பொருள் அது. அதன் எளிமைக்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பரத் கோயங்காவுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

நான் கவனிக்கச் சொல்வது டேலி எப்படிப் பணம் வாங்குகிறது என்பதை. உரிமம் ஒருமுறை விலை, காலத்துக்கும் செல்லும். புதிய வெளியீடுகள் வேண்டுமானால் ஆண்டுச் சந்தா. உரிம விலையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. இந்தச் சந்தாவை நம் ஊர்க்காரர்கள் எப்போது புதுப்பிக்கிறார்கள்? 2007 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் வாட் வந்தது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. பழைய 7.2 பதிப்பை வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டியவர்களெல்லாம் அந்த வாரம்தான் கடைக்கு ஓடினார்கள். 2018-இல் இ-வே பில். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கிய இ-இன்வாய்ஸ், படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடம் அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்றானது. ஒவ்வொரு தேதிக்கும் மென்பொருள் தயாராக இருந்தது, பணமும் வந்தது.

ஆக, இந்த நாட்டில் கணக்கு மென்பொருளைப் பராமரிக்க வைப்பது வாடிக்கையாளரின் ரசனையைவிட அரசிதழின் அறிவிப்புதான். இதன் மறுபக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. அரசு கேட்பது எல்லாம் உடனே செப்பனிடப்படுகிறது. அரசு கேட்காதது அப்படியே கிடக்கிறது. மறுசாயத்துக்குப் போன 60 கிலோவைப் பற்றி எந்த அரசாணையும் இல்லை. கூலிக்குத் தைக்கும் பவர்டேபிளில் எத்தனை பீஸ் தங்கிவிட்டது, செகண்ட்ஸ் எவ்வளவு, காண்டிராக்டருக்கு எத்தனை டஜனுக்குக் கூலி என்பதைச் சட்டம் கேட்பதில்லை. தொழில் நடக்கும் தளத்துக்கான பகுதிகள்தான் எந்த மென்பொருளிலும் பழசாகக் கிடப்பவை. உள்ளூர்க்காரர் ஒருவர் டேலியின் சொந்த நிரல்மொழியில் அதற்கென்று எழுதி ஒட்டிக் கொடுத்திருப்பார். பெரிய பதிப்பு மாறும்போது அந்த ஒட்டு பிய்ந்துகொள்ளும். ஒட்டியவரின் போன் எண் மாறியிருக்கும்.

அரசே மென்பொருள் நடத்தினால்? அதையும் பார்த்துவிட்டோம். ஜி.எஸ்.டி. வலைத்தளத்தை உருவாக்கி நடத்தும் பணி 2015-இல் சுமார் 1,380 கோடி ரூபாய்க்கு இன்ஃபோசிஸுக்குக் கொடுக்கப்பட்டது. இ-வே பில் தளத்தைத் தேசிய தகவலியல் மையம் கட்டியது. 2018 பிப்ரவரி 1-ஆம் தேதி இ-வே பில் நாடு முழுவதும் கட்டாயம் என்று அறிவித்தார்கள். அன்றே தளம் படுத்துவிட்டது, திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். தமிழ்நாட்டுக்குள் நகரும் சரக்குக்கு அது நடைமுறைக்கு வந்தது ஜூன் 2-இல்தான். 2020 ஜனவரியில் மாத ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியை 20, 22, 24 என்று மூன்றாகப் பிரித்தார்கள். எல்லோரும் ஒரே நாளில் வந்தால் தளம் தாங்காது என்பதை இதைவிட வெளிப்படையாக ஒப்புக்கொள்ள முடியாது. இங்கே பணம் கொடுப்பவர் அரசு, அவதிப்படுபவர் நாம், வேறு கடைக்குப் போக வழியுமில்லை. காலப்போக்கில் தளம் பெரிதும் தேறியிருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் அது தேற எடுத்துக்கொண்ட காலத்துக்குத் தாமதக் கட்டணம் கட்டியவர்கள் இந்த அரங்கிலும் இருப்பார்கள்.

இலவச மென்பொருள் பக்கம் போனால் தப்பித்துவிடலாம் என்று மாணவர்கள் நினைக்கக்கூடும். மும்பையில் உருவான இ.ஆர்.பி.நெக்ஸ்ட் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் இன்று நல்ல நிலையில் இருக்கின்றன. நிரல் நம் கையில் இருக்கும். விற்றவர் கடையை மூடினாலும் இன்னொருவரை வைத்து ஓட்டலாம். அது பெரிய பலம். கூலி மட்டும் இலவசமாகாது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானபோது உலகம் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டது. இணைய உலகின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற பாதுகாப்பு நிரலுக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒருவர். கோடி கோடியாகச் சம்பாதித்த நிறுவனங்கள் எல்லாம் அதைப் பயன்படுத்தின. வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இப்படி விலையில் சேராத செலவு என்றால் என்ன என்பதைத் திருப்பூருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நொய்யல் ஆறு அந்தப் பாடத்தை நடத்திவிட்டது. சாயக் கழிவைச் சுத்திகரிக்கும் செலவு துணி விலையில் சேரவில்லை. அது ஆற்றில் சேர்ந்தது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, கீழே இருந்த உழவர்களின் வயலில் இறங்கியது. 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், துளிக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு என்பது இங்கே எழுதப்படாத செலவு என்ற நிலையிலிருந்து கணக்கில் எழுதப்பட்ட செலவு என்ற நிலைக்கு வந்தது. அதற்கான தொழில்நுட்பம் அதற்கு முன்பும் உலகில் இருந்தது. பணம் கொடுக்கக் காரணம்தான் இல்லாமல் இருந்தது.

மென்பொருளில் அப்படி ஒரு தீர்ப்பு வருமா? ஐரோப்பாவில் வந்துகொண்டிருக்கிறது. அவர்களுடைய சைபர் மீள்திறன் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் பொருந்தும். மென்பொருளோ, மென்பொருள் அடங்கிய கருவியோ அங்கே விற்பவர் பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தர வேண்டும். விற்றுவிட்டுப் போவது சட்டப்படி முடியாது. திருப்பூரின் லாட் கணக்கு மென்பொருளை அந்தச் சட்டம் தொடப்போவதில்லை. ஆனால் இன்னொரு ஐரோப்பியச் சட்டம் நம் வாசலுக்கு வரும். 2024-இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சூழல் வடிவமைப்பு ஒழுங்குமுறையின்கீழ், பொருட்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப்போகிறது. முதல் வரிசையில் ஆடைகளும் இருக்கின்றன. ஆடை எதனால் ஆனது என்பது போன்ற விவரங்களைச் சரக்கோடு சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கும். நூலிலிருந்து பெட்டி வரை லாட் கணக்கு அறுபடாமல் வந்தால்தான் அதைக் காட்ட முடியும். 'ஏ' போட்டு ஒப்பேற்றிய டி.சி.யும், ஒரு பெண்ணின் கணினியில் மட்டும் இருக்கும் எக்ஸெல் தாளும் அங்கே செல்லாது. மறுசாயத்துக்குப் போன அந்த 60 கிலோவை முதன்முறையாக ஒரு பையர் கேட்கப்போகிறார். கேட்டால் பணம் கொடுப்போம். பணம் கொடுத்தால் மென்பொருள் திருந்தும்.

அதுவரை காத்திருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. கோவையில் 1956-இல் தொடங்கிய சிட்ரா, அதாவது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், ஒரு நல்ல வழியை நமக்குக் காட்டியிருக்கிறது. போட்டியாளர்களான நூற்பாலைகள் தங்கள் உற்பத்தித் திறன், செலவு ஆகியவற்றை அந்தச் சங்கத்திடம் கொடுத்து, மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டு, தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டார்கள். தெரியாததைத் தெரிந்ததாக ஆக்கினால் அகர்லாஃப் சொன்ன பழைய கார் சந்தை உடைந்துவிடும். அதே காரியத்தை மென்பொருளுக்கும் செய்யலாம். திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் 1990 முதல் இருக்கிறது. உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்கும் ஜாப் ஒர்க் பிரிவுகளுக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு. இவர்கள் ஒன்றுகூடி, இந்த ஊரின் தளத்தில் நிஜமாக நடக்கும் சிக்கலான கணக்குகளைக் கொண்டு ஒரு பொதுச் சோதனை உருவாக்கலாம். ஒரு டி.சி.யில் இரண்டு நிறம், மறுசாயம், பாதி லாட் காம்பேக்டிங்கில், பாதி லாட் பிரிண்டிங்கில், கிலோவில் போய் பீஸாகத் திரும்புவது, காண்டிராக்டர் பாதியில் கைவிட்டது. விற்க வருகிற எல்லோரும் அதை ஓட்டிக் காட்டட்டும். யார் தேறினார்கள், யார் தேறவில்லை என்று ஆண்டுக்கொருமுறை அச்சிட்டு வெளியிடட்டும். நல்ல மென்பொருள் எழுதும் பையனுக்கு, அதைச் சொல்லிக் கூடுதல் விலை கேட்க அன்றைக்குத்தான் ஒரு காகிதம் கிடைக்கும்.

சங்கம் செய்யும்வரை தனியாகச் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் மூன்று காரியம் எழுதி வாங்குங்கள்: நம் தரவு முழுவதையும் எப்போது கேட்டாலும் எக்ஸெலில் திறக்கும் வடிவில் தர வேண்டும், விற்பவர் தொழிலை விட்டால் சோர்ஸ் கோடு நமக்குச் சேர வேண்டும், குறையைத் திருத்துவது ஏ.எம்.சி.க்குள் அடங்க வேண்டும். புதிதாகக் கேட்பதற்குத்தான் தனிக் காசு. இதெல்லாம் எழுதி வாங்கியபின் அந்த ஏ.எம்.சி.யைக் கொடுத்தும் விடுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தப்படி, அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், தரும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்ற 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு வந்தபோது இந்த ஊரில் எவ்வளவு பேச்சு நடந்தது என்பது நினைவிருக்கும். முதல் மாடியில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிற அந்தத் தம்பியும் உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனமாக இருந்தால், அந்த 45 நாள் அவருக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த முறை யாராவது டெமோ காட்ட வந்தால், தினமும் டி.சி. போடும் அந்தப் பெண்ணையும் அறைக்குள் கூப்பிட்டு உட்காரவையுங்கள். போன மாதம் உங்களை அதிகம் படுத்திய லாட் ஒன்றின் காகிதங்களை அவர் கையில் கொடுத்து, வந்தவர் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓடாவிட்டால் விலை பேசாதீர்கள். ஓடினால் பேரம் பேசாதீர்கள்.